டென்மார்க்கில் அறுந்த வலை

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் மீனவர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு இந்தப் பயணத்தை எழுதித் தா என்று செயலாளர் ஆறு மாதமாகக் கேட்டார். நான் தட்டிக் கழித்தேன். கையெழுத்து மட்டும் காரணமில்லை. அங்கே போய் நான் கொண்டுவந்தது ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

உண்மையில் போக இருந்தவர் செயலாளர்தான். ஆங்கிலம் தெரிந்தவர், நாலு பேர் முன்னால் எழுந்து பேசக்கூடியவர். அவர் இறங்குதுறைப் பாசியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார். சங்கத்தில் கடவுச்சீட்டு வைத்திருந்த மற்ற ஒரே ஆள் நான். வேளாங்கண்ணிக்குப் போவதற்காக எடுத்தது. அதனால் வாயில்லாத என்னை அனுப்பினார்கள்.

பால்டிக் கடலைச் சுற்றி ஒன்பது நாடுகள் இருக்கின்றன. நான்கு பக்கமும் நிலம், வெளியே போக ஒடுக்கமான வாசல். மீன் குறைந்து, தண்ணீர் கெட்டுப்போனதால் அந்த நாடுகள் சேர்ந்து பேசி அந்தக் கடலைப் பார்த்துக்கொள்கின்றனவாம். அதைக் காட்டுவதற்கு எங்கள் கடலின் இரு கரையிலிருந்தும் ஒவ்வொருவரை டென்மார்க்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள். யாழ்ப்பாணக் கரைக்கு நான். எதிர்க்கரையான தமிழ்நாட்டுக்கு ஓர் இழுவைப் படகுக்காரர், எங்கள் பேச்சில் றோலர்காரர்.

எங்கள் கரையில் அந்திக்கு வலையைப் போட்டு, அடையாளத்துக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் கான்களைக் கட்டி மிதக்கவிட்டு, விடியப் போய் எடுப்போம். இடையில் இழுவைப் படகுகள் வந்தால் வலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். வலை போவது ஒரு கொடுமை. நீரோட்டம் கொண்டுபோனதா, படகு கொண்டுபோனதா என்று தெரியாமல் மண்ணெண்ணெய் எரித்துத் தேடுவது அதைவிடக் கொடுமை. பயணத்துக்கு முந்தின மாரியில் மூன்று நாள் தேடினேன். "இன்னொருக்கா வலை போனால், நீங்கள் மேசன் வேலைக்குப் போங்கோ. கடல் காணும், இனிப் போதும்," என்று மனைவி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

சங்கத் தலைவர் வழியனுப்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "உனக்குக் கதைக்க வராது எண்டு தெரியும். வேறை ஒண்டும் வேண்டாம். எங்கடை வலை கிடக்கிற கரையோரத் தண்ணிக்குள்ளை வரமாட்டம் எண்டு அந்த றோலர்காரனிட்டை ஒரு வாக்கு வாங்கிக்கொண்டு வா. வெள்ளைக்காரருக்கு முன்னாலை சொல்லட்டும்."

முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று விமானத்தில் வழி முழுவதும் நினைத்துக்கொண்டு போனேன். கொப்பன்ஹேகனில் இறங்கியதும் ஒரு மனிதர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். "அண்ணே! நம்ம ஆளு! சாப்டீங்களா?" என்றார். அவர்தான் முனியசாமி. சொந்தமாக ஓர் இழுவைப் படகு வைத்து, தானே ஓட்டுகிறவர். நான் "ஓம்" என்றேன். முதல் நாளில் நான் காட்டிய கடுமை அவ்வளவுதான்.

இருவரும் தமிழர், ஒரே கடல், சந்தோசமாக இருப்பார்கள் என்று கூட்டம் நடத்துகிறவர்கள் எங்களை ஒரே ரயிலில், அடுத்தடுத்த இருக்கையில் ஏற்றிவிட்டிருந்தார்கள். தங்குவதும் ஒரே வீட்டிலாம். நாய்க்கும் பூனைக்கும் நாலு கால்தானே என்று ஒரே கூட்டில் விட்டது போல.

முனியசாமி ரயில் ஏறியதும் வீட்டுக்கு வீடியோ அழைப்புப் போட்டார். "பாரு, பாரு, மாடு பாரு! நம்ம ஊரு மாடு மூணு சேர்ந்தாத்தான் இது ஒண்ணு!" முன்னால் இருந்த பெண்மணி உதட்டில் விரல் வைத்து ஒரு பலகையைக் காட்டினார். அது சத்தம் போடக்கூடாத பெட்டியாம். ரயிலுக்குள் பேசக்கூடாத பெட்டி ஒன்று இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு அந்தப் பெட்டி மிகவும் பிடித்திருந்தது. ஆனால் முனியசாமி என் பையையும் தூக்கிக்கொண்டு பின் பெட்டிகளுக்கு நடந்துவிட்டார். பைக்குப் பின்னால் நானும் போக வேண்டியதாயிற்று.

அந்த நாட்டில் ரயிலை நடுவழியில் இரண்டாகக் கழற்றுவார்கள். முன்பாதி தெற்கே போகும், பின்பாதி வடக்கே போகும். நாங்கள் போக வேண்டியது தெற்கு எல்லையிலுள்ள ஒரு சிறிய துறைமுகம். நாங்கள் இருந்தது பின்பாதி. மொழிபெயர்ப்பாளர் யோகன் தொலைபேசியில் வந்தபோதுதான் தெரிந்தது.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்?"

வண்டி நின்றிருந்த ஸ்டேசன் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"ஹோர்சன்ஸோ? அண்ணை, அது என்ரை ஊர். அங்கையிருந்து விடிய வெளிக்கிட்டு, உங்களைக் கூட்டிப்போக நான் இஞ்சை தெற்கை வந்து நிக்கிறன்."

யோகன் முப்பது வருடத்துக்கு மேல் அங்கே இருக்கிறவர். ஹோர்சன்ஸில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிறார். எங்களுக்காக ஒரு கிழமை, ஏழு நாளும், விடுப்பு எடுத்திருந்தார். அவர் திரும்பி வரும்வரை அவருடைய மனைவி எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தந்தார். "தாத்தாவுக்குத் தண்ணி குடு," என்று மகளிடம் சொன்னார். பிள்ளை டெனிஷில் ஏதோ கேட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தது. என்ன கேட்டது என்றேன். "ஐஸ் வேணுமோ எண்டு கேட்டவள்," என்றார். ஐம்பத்திரண்டு வயதில் தாத்தா ஆனதைத் தவிர அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையுமில்லை.

அன்றிரவே யோகன் வந்து எங்களைத் தெற்குத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். மறுநாள் கூட்டம். பெரிய கண்ணாடி மண்டபம். ஜன்னலால் கடல் தெரிந்தது, எதிரே பச்சையாக ஒரு கரை தெரிந்தது. "அது ஜெர்மனி," என்றார் யோகன். கூப்பிட்டால் கேட்கும் தூரம் போலிருந்தது. நடுவில் ஒரு காவல் படகுகூட இல்லை. நான் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். இருந்ததெல்லாம் பாய்மரப் படகில் வெயில் காய்கிறவர்கள்.

காலை முழுவதும் சுவரில் படம் காட்டினார்கள். வயலுக்குப் போடும் உரம் ஆற்றால் கடலுக்கு வந்து பாசி வளர்கிறது, பாசி செத்து அடியில் அழுகுகிறது, அடித் தண்ணீரில் மீனுக்கு மூச்சு இல்லாமல் போகிறது. இதற்கு ஒன்பது நாடுகளும் கணக்குப் பிரித்து உரத்தைக் குறைக்க வேண்டும். எந்த மீனை யார் எவ்வளவு பிடிப்பது என்பதற்கும் அப்படியே. எல்லாம் விளங்கியது. இடைவேளையில், பக்கத்திலிருந்த டென்மார்க் மீனவர் சோரனிடம் யோகனைக் கொண்டு கேட்டேன். "அப்ப இப்ப மீன் நிறைய இருக்கோ?"

சோரன் சிரித்தார். அந்த மனிதருக்குத் தாடி முழுவதும் வெள்ளை. "இல்லை," என்றார். "என் அப்பா கொட் மீன் பிடித்து வீடு கட்டினார். எனக்கு அதைப் பிடிக்கவே அனுமதியில்லை. தட்டை மீன் பிடிக்கிறேன். அதுவும் குறைவு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் கூட்டிவந்து மீனில்லாத கடலையா காட்டுகிறார்கள்? "அப்ப எத்தினை வருசமாக் கதைக்கிறியள்?" என்றேன். "நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து," என்றார். சொல்லிவிட்டுக் கறுத்த பாண் ரொட்டியில் இனிப்பாக ஊறப்போட்ட பச்சை மீனை வைத்து எனக்கு ஒன்று தந்தார். மீனில் சீனி. அதையும் மரியாதைக்காக விழுங்கினேன்.

பிற்பகல் அதைவிட மோசம். எல்லோருக்கும் மஞ்சள் தாள் ஒன்று தந்து, "உங்கள் கடலுக்கான உங்கள் கனவை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்," என்றார்கள். கனவு! முனியசாமி ஏழு தாள் எழுதி ஒட்டினார். நான் பேனையைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கையெழுத்தைக் கண்ணாடி மண்டபத்தில் ஒட்டுவதா? வெறும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை, தங்கிய வீட்டில், சோரன் தந்த தட்டை மீனில் முனியசாமி குழம்பு வைத்தார். ஊரிலிருந்து தூள், புளி எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தாளித்த புகைக்குக் கூரையிலிருந்த மணி அலறத் தொடங்கியது. நிறுத்தத் தெரியாமல் நான் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறிக்கொண்டிருந்தேன். "விசிறுங்கண்ணே, விசிறுங்க, கொழம்பு இப்ப ஆயிரும்!" என்றார் கீழேயிருந்து. அந்தக் குழம்பை மூன்று முறை போட்டுச் சாப்பிட்டேன். என் வலைகளை அறுக்கிற கூட்டத்தில் ஒருவருக்கு இப்படியொரு கைப்பக்குவத்தை ஏன் கொடுத்தாய் என்று கடவுளோடு கோபித்துக்கொண்டு படுத்தேன். வாக்குக் கேட்கவில்லை. சாப்பிட்ட வாயால் எப்படிக் கேட்பது?

மூன்றாம் நாள் சோரன் எங்களைத் தன் படகில் கூட்டிப்போனார். நான் கடல் தண்ணீரைக் கையால் அள்ளி நக்கிப் பார்த்தேன். பாதி உப்புக்கூட இல்லை. "உப்புப் போட மறந்த ரசம் மாதிரி இருக்குண்ணே," என்றார் முனியசாமி. யோகன் கடலுக்கு வந்து பழக்கமில்லாதவர். விளிம்பைப் பிடித்தபடி குனிந்திருந்தார்.

தண்ணீரில் இரண்டு இரண்டாகக் கம்புகள் மிதந்தன. உச்சியில் சிறு கொடி. இரண்டு கொடிகளுக்கு நடுவில் அடியில் வலை கிடக்கும், சுற்றித்தான் போக வேண்டும் என்று சோரன் விளக்கினார். ஒவ்வொரு கம்பிலும் படகின் இலக்கம் எழுதியிருந்தது. பிறகு மரியாதைக்காகச் சுக்கானை முனியசாமியிடம் கொடுத்துவிட்டுக் கோப்பி ஊற்றப் போனார்.

முனியசாமி நன்றாகத்தான் ஓட்டினார். முன்னால் ஒரு கொடி வந்தது. கிட்ட வந்தது. இன்னும் கிட்ட வந்தது. திருப்புவார், திருப்புவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாய் திறக்கவில்லை. கொடி படகின் பக்கத்தில் உரசிச் சாய்ந்தது. அடியில் கடகடவென்று சத்தம். இயந்திரம் நின்றது. கொடிக் கயிறு படகின் அடியிலுள்ள சுழலியில் சுற்றி, பின்னாலேயே வலையும் மேலே வந்துவிட்டது.

அந்தச் சத்தம் அடங்கிய பிறகு முனியசாமி மெதுவாகச் சொன்னார்: "கொடியைப் பாத்தேண்ணே. பாத்தும் கை திரும்பல. எங்க போட்டுல இதுக்கெல்லாம் திருப்பினதே இல்ல."

இருபது வருடமாக எனக்குள் கிடந்ததெல்லாம் அப்போது வெளியே வந்தது. "பாத்தனியோ? கண்டுகொண்டோ இவ்வளவு காலமும் போனனீங்கள்? நாங்கள் அந்த வெள்ளைக் கானைக் கட்டி விடுறது என்னத்துக்கு? கடலுக்குப் பொட்டு வைக்கவோ? கண்ணுக்குத் தெரியேல்லையாக்கும், இருட்டாக்கும் எண்டெல்லாம் நான் என்ரை மனிசிக்குச் சொல்லிச் சமாளிச்சிருக்கிறன்! உங்களுக்காக!"

இவ்வளவு சத்தம் என் தொண்டையில் இருந்தது எனக்கே தெரியாது. யோகன் வாந்தி எடுப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அண்ணை, என்ன சண்டை எண்டு சோரன் கேக்கிறார்."

"சொல்லாதை. இது எங்கடை கடல் விசயம்."

சோரன் கம்பின் இலக்கத்தைப் பார்த்துக் கைபேசியில் யாரையோ அழைத்தார். எதிர்க்கரையிலிருந்து, ஜெர்மனியிலிருந்து, ஒரு சிறிய படகு புறப்பட்டு வந்தது. ஓட்டி வந்தது அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. பெயர் ஹைக்கே. வலை அவருடையது. இப்போது பார் வேடிக்கையை என்று காத்திருந்தேன். அவர் தன் வலையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். கோப்பி இருக்கிறதா என்று கேட்டார்.

அவ்வளவுதான். எனக்குத் தாங்கவில்லை. கத்த வேண்டியவர் அவர். கத்தி முடித்துத் தொண்டை கட்டி நின்றது நான்.

யார் ஓட்டியது என்று ஹைக்கே கேட்டார். "என் படகு," என்றார் சோரன். முனியசாமியைக் கைகாட்டவில்லை. யோகன் அதைத் தமிழில் சொன்னதும் முனியசாமியின் முகம் ஒரு மாதிரியாகப் போனது. வசைக்குத் தயாராக நின்ற மனிதர் அவர். முன்னால் வந்து, "நாந்தாம்மா," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

ஹைக்கே அவரைப் பார்த்துச் சொன்னதை யோகன் இப்படிச் சொன்னார்: "இழுக்கும் படகுகள் முன்பு எங்களிடமும் இருந்தன. வலைகள் போயின. அது நடக்கும். சொல்லாமல் போயிருந்தால் நாளை முழுவதும் தேடியிருப்பேன். தேடுவதுதான் எனக்குப் பிடிக்காது."

இதை நான் மனைவியிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்மணிக்கு முன்னால் என் கண் கலங்கிவிட்டது. குளிர் காற்று என்று யோகனிடம் சொன்னேன்.

துறைமுகத்துக்கு வந்து வலையை விரித்தோம். ஆறு பாகம், அதாவது கை விரித்தால் ஆறு ஆள் நீளம், கிழிந்திருந்தது. பொத்துவதற்கு ஊசியும் நூலும் கேட்டேன். ஹைக்கே வேண்டாம் என்றார். அங்கே கிழிந்த வலையைப் பொத்துவதில்லையாம், கழற்றி எறிந்துவிட்டுப் புது வலை பூட்டுவார்களாம். கடலைக் காப்பாற்ற ஒன்பது நாடு கூடுகிறவர்களுக்கு ஆறு பாகம் வலை பொத்த நேரமில்லை! பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். சோரன் எங்கேயோ தேடி ஒரு பழைய ஊசி கொண்டுவந்தார்.

பொத்துவதற்கு ஒரு முனையை யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டும். முனியசாமி வந்து குந்திப் பிடித்தார். அவர் மூன்று நாளில் முதல் தடவையாகப் பேசாமல் இருந்தார். வெயில் சாயும்வரை பொத்தினோம். ஹைக்கே கிட்ட வந்து முடிச்சுகளை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "அட!" என்பது போல ஒரு சத்தம் மட்டும் போட்டார். அதை யோகன் மொழிபெயர்க்கவில்லை.

கடைசி நாள் எனக்கு ஐந்து நிமிடம் தந்தார்கள். வணக்கம் சொல்ல மறந்து நேரே தலைவர் சொன்னதைச் சொன்னேன்: "எங்கடை கரையோரத் தண்ணிக்குள்ளை இழுக்க வரவேண்டாம். வரமாட்டம் எண்டு இவர் இந்தச் சபையிலை வாக்குத் தரவேணும்." அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி நாலரை நிமிடமும் எல்லோரும் முனியசாமியைப் பார்த்தார்கள்.

முனியசாமி எழுந்து என்னைப் பார்த்துத்தான் பேசினார். "அண்ணே, பொய் சொல்ல மாட்டேன். எங்க பக்கம் அடி வரைக்கும் சொரண்டி முடிச்சிட்டோம். வரமாட்டோம்னு எல்லா போட்டுக்கும் சேத்து நான் எப்படிச் சொல்ல? என் போட்டுக்கே சொல்ல முடியல. ஆனா ஒண்ணு. உங்க கேன்ல உங்க நம்பர எழுதிப் போடுங்க. அறுந்தா கூப்பிட்டுச் சொல்றேன். கண்டிப்பாச் சொல்றேன்."

வீட்டுக்குள் வருவேன், பானை உடைந்தால் சொல்லிவிட்டுப் போவேன் என்கிற கதை! யோகன் மொழிபெயர்த்ததும் மண்டபம் முழுவதும் கை தட்டியது. ஒருவர் படம் எடுத்தார். முனியசாமி என் சட்டைப் பையிலிருந்த வெறும் மஞ்சள் தாளை இழுத்தெடுத்து, "உங்க நம்பர எழுதுங்கண்ணே," என்றார். அத்தனை பேர் பார்க்க, என் கோழிக் கையெழுத்தில் எழுதினேன். அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, தாளைக் கனவுகளோடு கனவாகச் சுவரில் ஒட்டிவிட்டார். புறப்படும்போது யாரும் பார்க்காத நேரத்தில் நான் அதைக் கழற்றி எடுத்து வந்தேன்.

சங்கத்தில் தாளைக் காட்டினேன். தலைவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது உன்ரை நம்பரல்லோ. உன்ரை நம்பரை எடுத்துவரவோ டென்மார்க்குக்குப் போனனீ?" எல்லோரும் சிரித்தார்கள். கானில் இலக்கம் எழுதச் சொன்னேன். ஒருவரும் எழுதவில்லை. நான் மட்டும் தார் எடுத்து என் நாலு கானிலும் எழுதினேன். கடலில் விளம்பரப் பலகை வைத்திருக்கிறான் என்று பகிடி பண்ணினார்கள். கார்த்திகையில் அடுத்த வீட்டுக்காரரின் வலை போனது. அவருடைய கானில் இலக்கம் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. டிசம்பரில் நத்தாருக்கு முனியசாமி ஒரு வாழ்த்துப் படம் அனுப்பினார். பதில் போடவில்லை. இதையெல்லாம் எப்படி மலருக்கு எழுதுவது?

இன்று விடியப் போனபோது என் வலை கிடந்த இடத்தில் வெறும் தண்ணீர். அரை மணி நேரம் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தேன். மனைவி என்னைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். அதுதான் பயமாக இருந்தது. அப்போது கைபேசி அடித்தது. இந்திய இலக்கம். முனியசாமியின் குரல் இல்லை, வேறு யாரோ, முரட்டுக் குரல்.

"ஹலோ, கேன்காரரா?"

"யார் கதைக்கிறது?"

"பேரெல்லாம் வேணாம்ணே. ராத்திரி உங்க வலை எங்க இழுவை மடியில வந்துருச்சு. பாதி அறுந்துபோச்சு. மீதிய சுருட்டி அந்தக் கேன்லயே கட்டி, கல்லுப் போட்டு விட்டிருக்கோம். எடத்தச் சொல்றேன், எழுதிக்கங்க. கேன்ல நம்பர் இருந்தா கூப்பிடணும்னு எங்க ஜெட்டில முனியசாமி அண்ணன் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு. சொல்லலேன்னா மனுசன் சும்மா விடமாட்டாரு."

இடத்தை எழுதிக்கொண்டேன்.

"அப்புறம்ணே, நம்பரக் கொஞ்சம் ஒழுங்கா எழுதுங்க. ஒண்ணா ஏழான்னு தெரியாம ரெண்டு பேருக்குப் போட்டு ஏச்சு வாங்கிட்டுத்தான் உங்களப் புடிச்சோம்."

வைத்துவிட்டான். அவனைத் திட்ட வேண்டும் என்பது அதன் பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

"ஆர் அது?" என்றாள் மனைவி.

"வலையை அறுத்தவன்."

"என்ன வேணுமாம்?"

"என்ரை கையெழுத்துச் சரியில்லையாம்."

சொன்ன இடத்தில் சொன்னபடியே இருந்தது. பாதி வலைதான். கொண்டுவந்து முற்றத்தில் விரித்தேன். மேசன் வேலை என்ற பேச்சு எழவில்லை, மனைவி வந்து மற்ற முனையைப் பிடித்தாள். பொத்திக்கொண்டிருக்கையில் தலைவர் வாசல் படலையடியில் நின்று, கொஞ்சம் தார் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். ஏழுக்கு இனிக் குறுக்கே ஒரு கோடு போடப் போகிறேன்.

மார்ச் 12, வியாழக்கிழமை.